வடிக்காத கிழங்குத் தண்ணீர்

மூன்று பிள்ளைகளும் பொழுது சாய்வதற்குள் செத்துப்போவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க அன்று எனக்குத் தெம்பு இல்லை. அவர்கள் என் பிள்ளைகள் அல்ல. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்களும் அல்ல. நம் நாட்டுக்காரர்கள்கூட அல்ல. ஆனாலும் அந்த ஒரு நாளில் நான் ஆண்டவரிடம் கேட்டதுபோல அதற்கு முன்னால் எனக்காக எதையும் கேட்டதில்லை. அவர் எப்படிப் பதில் கொடுத்தார் என்பதை விசுவாசிகளாகிய உங்களுக்குச் சொல்லாமல் இருப்பது சரியல்ல. எங்கள் போதகர் பல தடவை எழுதச் சொன்னார். எழுத உட்கார்ந்தால் காலில் எறும்பு ஏறினதுபோல எழுந்து நடக்கத் தோன்றும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். குறைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா பனையேறி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். தக்கலைக்கு வடக்கே, மலையடிவாரத்தில், எங்கள் சபைப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, பிறகு அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு வாத்தியாராக வேலை கிடைத்தது. 1952-ஆம் வருஷம் கடைசியில், மலைப் பக்கத்தில் ரோடு போட ஆரம்பித்தார்கள். கல் உடைக்க ஆள் வேண்டும். அந்தச் சமயத்தில் திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்துக் குளங்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. அங்கேயிருந்து சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாக ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நடந்து வந்தார்கள். அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம், அவர்கள் சென்னை ராஜ்யம். எல்லையிலிருந்த சவுக்கைச் சாவடியில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஒரே தமிழ் பேசுகிறவர்கள்தாம். இருந்தாலும் நம் ஊரில் அவர்களைப் பாண்டிக்காரர்கள் என்பார்கள். அந்தப் பேரை வெறும் பேராகச் சொல்கிறவர்கள் குறைவு.

ரோட்டு ஓரத்தில் ஓலைக் குடிசைகள் போட்டுக் குடியிருந்தார்கள். அதில் ஒரு குடிசை சுடலைமுத்து என்பவருடையது. மனைவி பேச்சியம்மாள். முத்தம்மாள் என்று எட்டு வயதுப் பெண், இசக்கி என்று ஐந்து வயதுப் பையன், நடக்கத் தொடங்கியிருந்த செல்லத்தாய். அப்பாவும் அம்மாவும் கல் உடைக்கப் போனால் மூன்றும் கல்குவியலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். தெறிக்கிற சில்லுக்குள்ளே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை. பெரியதுகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்படி கேட்டேன். சுடலைமுத்து முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ரோடு முடிந்தால் வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு எழுத்து எதற்கு என்றார். பேச்சியம்மாள்தான் அனுப்பி வைத்தாள்.

வகுப்பில் யாரும் அவர்கள் பக்கத்தில் உட்காரவில்லை. பாண்டி, பாண்டி என்று பையன்கள் ராகம் போட்டார்கள். முத்தம்மாள் அழுகிற பிள்ளை அல்ல. ஒரு நாள் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்: "வாத்தியாரய்யா, இவுக பேசுததே பாட்டு மாதிரில்லா இருக்கு, பொறவு எதுக்குத் தனியா ஒரு பாட்டு பாடுதாக?" நானே சிரித்துவிட்டேன். அன்று முதல் இரண்டு பெண்பிள்ளைகள் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் என்னால் ஆனது. வந்தவர்களுக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன், சபையாரும் நினைத்தார்கள்.

மாசி மாதம் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு பிடுங்குகிற காலம். குடிசைகளுக்கு எதிரே எங்கள் சபை மூப்பர் தங்கையாவின் விளைத் தோட்டம் இருந்தது. நல்ல மனுஷன். பிடுங்கி முடித்த பிறகு, ஓரத்தில் நிற்கிற செடி மூட்டிலுள்ள கிழங்கையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சியம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அவளும் சந்தோஷமாகப் பிடுங்கிக்கொண்டு போனாள். அது ஒரு சனிக்கிழமை.

திங்கட்கிழமை முத்தம்மாளும் இசக்கியும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. முதல் பாடம் முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது: பாண்டிக் குடிசையில் வாந்திபேதி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் மனுஷனுக்கு மனுஷன் கிடையாது. பெரிய வாத்தியார் மணியடித்துப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். அந்தப் பக்கம் போகக்கூடாது என்று என்னிடமும் கண்டிப்பாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வருவதற்குள் வழியில் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. அவர்கள் கொண்டுவந்த நோய், அவர்கள் வந்த அன்றைக்கே தெரியும் என்று ஒருவர் சொன்னார். அவர்தான் போன வாரம் அவர்களிடம் மலிவாக வேலை வாங்கினவர்.

என் அம்மா வாசலிலேயே என்னை மறித்தாள். நான் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மக்கா, போவாத. எனக்க குடும்பத்துல எழுத்துப் படிச்சவன் நீ ஒருத்தன்தான். ஒன்ன வளத்துப் படிக்க வச்சது பாண்டிக்காரன் குடிசையில கெடந்து சாவியதுக்கா?"

போகவில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் முழங்கால் போட்டேன். ஜெபிக்க வாய் வரவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். நான் தைரியசாலி என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். எனக்கே பேதி வந்துவிடுமோ என்று பயந்தேன். ஆனால் அந்த அறைக்குள் இருக்க முடியவில்லை. யாரோ முதுகில் கையை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன். அவள் தடுக்கவில்லை. முற்றத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

குடிசை வாசலில் சுடலைமுத்து நின்றிருந்தார். தக்கலை பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். இசக்கி தோளில் வாந்தி எடுத்ததைப் பார்த்ததும் ஏற்ற மாட்டோம் என்று போய்விட்டார்களாம். அதைக் கோபமாகக்கூட அவர் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உள்ளே குனிந்து போனேன். பாயில் மூன்று பேரும் கிடந்தார்கள். முத்தம்மாளுக்கு நினைவு இருந்தது, தலை சுற்றுகிறது என்று முனகினாள். செல்லத்தாய் துவண்டு கிடந்தாள். இசக்கிக்குத்தான் மோசம். மூச்சு வேகம் வேகமாக வாங்கியது. நடுநடுவே கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. பேச்சியம்மாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தலை சுற்றல் இருந்திருக்கிறது, அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும், "ஒங்க சாமியக் கும்பிடுங்க வாத்தியாரய்யா. எங்க சாமி இம்புட்டுத் தூரம் வருமா வராதான்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. பாய்க்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினேன். ஆண்டவரே, இந்த வாந்திபேதியை நிறுத்தும் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. மனசு அங்கே நிற்கவே இல்லை. சுடலைமுத்துவின் கால் சத்தம், ஈ சத்தம், பையன் மூச்சு, எல்லாம் காதில் விழுகிறது. ஆண்டவரே, என் மனசை அடக்கும் என்று கேட்டேன். அடங்கவில்லை. பேச்சியம்மாள் பானையில் அகப்பை விட்டு எதையோ கலக்கிக் கும்பாவில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுக்கப்போகிறாள், கொடுக்கட்டும், நீ ஜெபம் பண்ணு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. கண்ணைத் திற, கண்ணைத் திற என்று உள்ளே ஒரே தொந்தரவு. ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பது தப்பு என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். இருந்தும் திறந்தேன்.

அவள் கையிலிருந்தது அரிசிக்கஞ்சி அல்ல. வெள்ளையாக, கொழகொழவென்று, கிழங்கு மணத்தோடு இருந்தது.

"இது என்ன?"

"கெழங்கு வெந்த தண்ணி. பிள்ளையளுக்குத் தெம்பா இருக்கட்டுமேன்னு காலையிலயிருந்து இதத்தான் குடுக்கேன். குடிச்சதக் கக்கிருதுவ."

"தண்ணிய ஊத்திக் களையலியா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிறதுபோலப் பார்த்தாள். "ஒல வச்ச தண்ணிய எவளாவது கீழ கொட்டுவாளா? அதுலதான சத்து இருக்கு."

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். இந்தச் சாட்சியை வெளியூரில் வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லுகிறேன். மரச்சீனியில் ஒரு விஷம் உண்டு. அதைக் கட்டு என்போம். கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்து ஊற்றிக் களைந்துவிட்டால் கட்டு போய்விடும். விளையின் ஓரத்தில் பன்றி தோண்டாமலிருக்க நடுகிற கசப்புக் கிழங்கென்றால் இரண்டு தரம் தண்ணீர் மாற்றி வேகவைப்போம். எங்கள் வீடுகளில் இதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் பார்த்தே வளரும். பேச்சியம்மாள் பிறந்த ஊரில் மரச்சீனியே கிடையாது. கம்பும் சோளமும் காய்ச்சிப் பழகின கை. குடிக்கத் தண்ணீருக்கே குளம் குளமாக நடந்தவள். ஒரு சொட்டு உலைத்தண்ணீரையும் சிந்தாமல் வளர்ந்தவள். முதல் நாள் கிழங்கைச் சுட்டுத் தின்றபோது லேசான தலைச்சுற்றலோடு போயிருக்கிறது. ஞாயிறு ராத்திரி பானை நிறைய வேகவைத்து மூடி, காலையில் தண்ணீரோடு மசித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். தனக்கு மிச்சம் மீதி.

கும்பாவைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். பானையையும் உதைத்துக் கவிழ்த்தேன். இது வாந்திபேதி இல்லை, கிழங்கு என்று சொன்னேன். அவள் அழவில்லை. தன்னுடைய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சகோதரர்களே, அந்தப் பார்வையை நான் சாகுமட்டும் மறக்க மாட்டேன்.

இசக்கியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். மற்ற இரண்டையும் தூக்கிக்கொண்டு சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் பின்னாலேயே வந்தார்கள். அடுத்த பஸ் மதியத்துக்குத்தான். மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனால் பையன் வழியிலேயே போய்விடுவான். ஒரு இடத்தில் நிற்க முடியாமல் ரோட்டில் மேலும் கீழும் நடந்தேன். அப்போது நான் செய்த ஜெபத்துக்கு வரிசையே கிடையாது. வண்டி, ஆண்டவரே, ஒரு வண்டி. அவ்வளவுதான் சொன்னேன். அதையே சொல்லிச் சொல்லி நடந்தேன்.

கல் ஏற்றுகிற லாரி ஒன்று மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வந்தது. அது விடியற்காலையிலேயே போய்விடுகிற லாரி. அன்று டயர் வெடித்து மேலே நின்றுபோயிருக்கிறது. தற்செயல் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். டிரைவர் மீரான், களியக்காவிளைக்காரர். பையன் கிடந்த கிடையைப் பார்த்ததும் அவர் வண்டியை நகர்த்தத்தான் பார்த்தார்.

"பேதியா சாரே?"

"இல்ல அண்ணே. கிழங்கு. பிள்ளையளு தண்ணிய ஊத்தாமத் தின்னுட்டினும்."

அவரும் கிழங்கு தின்று வளர்ந்தவர்தானே. "எனக்க ரப்பே, கட்டா?" என்றார். "கேறுங்க, கேறுங்க. பிள்ளையள முன்னால தாங்க. ஆம்பிளையளு கல்லு மேல இருங்க."

யோசித்துப் பாருங்கள். வாந்திபேதி என்று நினைத்து நான் கண்ணை மூடியே ஜெபித்துக்கொண்டிருந்திருந்தால் இந்த லாரியும் பஸ்ஸைப்போலத்தான் போயிருக்கும்.

நானும் சுடலைமுத்துவும் கல் குவியலின் மேல் உட்கார்ந்தோம். வண்டி குலுங்கிய குலுக்கலில் கல் உருண்டு காலை நசுக்கியது. அது எனக்கு அப்போது தெரியவில்லை. தலையைக் கீழே தொங்கவிட்டு, முன்பக்கத்துப் பலகைச் சந்து வழியாக, பேச்சியம்மாள் மடியில் கிடந்த இசக்கியின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு தரம் இறங்கினது ஏறவில்லை. நான் கத்திவிட்டேன். பிறகு ஏறியது. அந்த வழி முழுக்க நான் ஆண்டவரிடம் மரியாதையாகப் பேசவில்லை. நீர் இவர்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்தது இதற்குத்தானா என்று சண்டை பிடித்தேன். அதற்காக அவர் என்னைத் தள்ளிவிடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன ஏது என்று கேட்பதற்குள் நான் கிழங்கு என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளை உள்ளே கொண்டுபோய்க் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பேச்சியம்மாளையும் ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அவள் படுக்கவில்லை. வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து, சார், நீங்கள் நடக்கிற நடையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றுகிறது, உங்களுக்கும் ஒரு குழாய் விடவா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலமாக முத்தம்மாளும் சின்னவளும் தெளிந்துவிட்டார்கள். இசக்கியைப் பற்றி மட்டும், விடியட்டும், பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. பேச்சியம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"வாத்தியாரய்யா, பயல் பொழச்சா ஒங்க சாமிக்கு என்ன செய்யணும்? கெடாயா, சேவலா?"

"ஒண்ணும் வேண்டாம்மா."

"ஒண்ணுமே கேக்காதா?"

"கேக்காது."

அவள் முகத்தில் கவலைதான் கூடியது. "ஒண்ணும் வாங்காத சாமி வேல செய்யுமாய்யா?" என்றாள்.

வேதபாட வகுப்பில் மனப்பாடம் பண்ணினது எதுவும் அங்கே உதவவில்லை. நான் அவளுக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அப்போதுதான் உட்கார்ந்தேன். ஆண்டவரே, இவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது, நீரே சொல்லும் என்றேன். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்து, வராந்தாவைக் கூட்டுகிறவர்கள் வந்த நேரத்தில், உள்ளேயிருந்து இசக்கியின் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டில் அக்காளைத் திட்டிக்கொண்டிருந்தான். "ஏட்டி, எம் பம்பரத்த எங்கட்டி ஒளிச்சு வச்ச?" என்று அதிகாரமாகக் கேட்டான். சுடலைமுத்து, அந்தக் கல் மாதிரி மனுஷன், வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கும்.

ஊருக்குத் திரும்பியபோது தங்கையா மூப்பர் எங்களுக்காக ரோட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார். அழுதழுது அவர் முகம் வீங்கியிருந்தது. "ஓரத்து மூட்ட எடுக்கச் சொன்னவன் நானாக்கும்" என்றார். "தண்ணிய ஊத்தணும்ணு ஒரு மனுஷனுக்குச் சொல்லித் தரணும்ணு எனக்குத் தோணலியே மக்கா. யாருக்குத் தோணும்?"

யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் காரியம். அந்த மனுஷனுடைய ஈவு நல்ல ஈவு. அவளுடைய சிக்கனமும் நல்ல சிக்கனம். இரண்டு நல்லதுக்கும் நடுவே, யாரும் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு சொல்லால், மூன்று பிள்ளைகள் போக இருந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம், விளையில் பிடுங்கிக்கொள்ளச் சொன்னோம், ஆராதனையில் அவர்களுக்காக ஜெபமும் பண்ணினோம். அவர்கள் அடுப்புப் பக்கத்தில் போய் ஒரு பேச்சு பேச நம்மில் ஒருவர்கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மூப்பர் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். கதவைச் சாத்தினவர்களும் அங்கே இருந்தார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அன்று மத்தியானமே பெண்கள் குடிசைகளுக்குப் போனார்கள். என் அம்மாவும் போனாள். பானையை எடுத்து, தண்ணீர் வைத்து, கிழங்கைப் போட்டு, கொதித்ததும் வடித்து ஊற்றிக் காட்டினாள். "ஏட்டி பேச்சி, இந்தத் தண்ணிய மட்டும் பிச்சைக்காரனுக்குக்கூட குடுக்காத" என்று அவள் சொன்னதும் குடிசைகளெல்லாம் சிரித்ததாம். பதிலுக்கு அவர்கள் கம்பங்கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள். அம்மா அதை வாயில் வைத்துவிட்டுப் பட்ட பாட்டைப் பேச்சியம்மாள் நடித்துக் காட்டுவாள்.

ரோடு முடிந்தது. அவர்கள் போய்விட்டார்கள். வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். பிறகு செய்தி இல்லை. இன்றைக்கு 1956. நம் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது, சவுக்கையும் போய்விட்டது. ஆனால் பிழைக்க வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். புதுக் குடிசை ஒன்று முளைத்தால் என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. போய் வாசலில் நின்று, என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பிறகு பிள்ளைகள் வெளியே வரும். இந்த வேலைக்கு ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார் என்று நம்புகிறேன். முன்பெல்லாம் என் மனசு ஓயாமல் அலைவதைக் குறையென்று நினைத்து அழுவேன். இப்போது அதற்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

பிரியமானவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். உங்கள் பிள்ளையோ, பேர்கூடத் தெரியாத யாரோ ஒருவருடைய பிள்ளையோ, கண்முன்னே துவண்டு கிடக்கலாம். அவரை நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். கேட்டுவிட்டு, முழங்காலில் அமைதியாக இருக்க முடியவில்லையே என்று கலங்காதீர்கள். கண்ணைத் திறந்து, எழுந்து போங்கள்.